அறுபத்து நான்கில் அறுபது

பிரேமிளா கணபதி எங்கள் ஒன்றியத்தில் வேலை பார்த்தது 2015 ஒக்ரோபர் 1 முதல் 2023 டிசெம்பர் 31 வரை, சரியாக எட்டு ஆண்டும் மூன்று மாதமும். ஒன்றியம் என்பது பாலும் நெல்லும் விதையும் சேர்த்து விற்கும் கூட்டுறவு. தலைமை அலுவலகம் கிளிநொச்சியில், கிளைகள் பதினொன்று. இந்தப் பன்னிரண்டு இடங்களிலும் இருந்த கணினிகள் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. கதவில் ‘கணினிப் பிரிவு’ என்று பலகை இருந்தது. பிரிவில் ஆள் ஒன்று.

நான் அங்கே பொருட்பதிவேடு எழுதியவன். 2014இல் ஓய்வு பெற்ற பின்னும் ஆண்டுக்கொருமுறை, ஒக்ரோபரில், பொருட்கணக்கெடுப்புக்குக் கூப்பிடுவார்கள். மேசை, கதிரை, தராசு, கணினி என்று ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, ஒட்டியிருக்கும் இலக்கத்தை எழுதுவது வேலை. கீழே உள்ளவற்றில் சில நான் கண்டவை. மற்றவை பிரேமிளாவிடமும் சம்பந்தப்பட்டவர்களிடமும் கேட்டு எழுதியவை.

அவருடைய அறை முன்பு விதைக் களஞ்சியம். பத்தடிக்கு எட்டடி, யன்னல் இல்லை. கிளைகளோடு தொடர்பில் இருக்கும் மையக் கணினி அதற்குள் இருந்ததால் குளிரூட்டி எந்நேரமும் ஓட வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். செருப்பைக் கழற்றப் பஞ்சிப்பட்டே பலர் உள்ளே போவதில்லை. தேநீர் கொண்டுவருபவர் வெளியே ஒரு முக்காலியில் கோப்பையை வைத்து, கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். மதியம் மற்றவர்கள் மண்டபத்தில் சேர்ந்திருந்து சாப்பிடுவார்கள். 2017இல் பிரேமிளாவும் இரண்டு தடவை போய் இருந்தார். இரண்டு தடவையும் பாதிச் சோற்றில் ஏதோ ஒரு கிளையிலிருந்து அழைப்பு வந்து எழும்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் தடவை அவர் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

தொலைபேசி மட்டும் நாளுக்கு இருபது, முப்பது தடவை அடிக்கும். “அக்கா, பிறின்ரர் அடிக்குதில்லை.” “அக்கா, ஸ்கிரீன் கறுத்துப் போச்சு.” சரியாக்கிக் கொடுத்ததும் மறுமுனையில் வைத்துவிடுவார்கள். பிறகு மாதக்கணக்கில் அந்தக் குரல் கேட்காது. “என்னோட கதைக்கிற ஆக்கள் எல்லாரும் ஏதோ ஒண்டு பழுதாப்போன ஆக்கள்தான் ஐயா” என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

தகப்பன் கணபதி 1977இல் மலையகத் தோட்டமொன்றிலிருந்து மனைவியோடு வந்து பாரதிபுரத்தில் காடு வெட்டிக் காணி திருத்தியவர். 2006இல் காலமானார். அண்ணன் வவுனியாவில் குடும்பத்தோடு இருக்கிறார். தாயார் 2019 ஏப்ரல் 2ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இறந்தார். அதன்பின் இரண்டு அறையும் குசினியும் உள்ள அந்த வீட்டில் பிரேமிளா மட்டும். இந்தத் திகதி பின்னால் தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

அவருடைய வேலையில் பெரும்பங்கு வெளியில் தெரியாதது. கணினிக்குள் ஓடும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அந்த ஓட்டைகளால் வெளியாள் உள்ளே புகுந்து விபரங்களை எடுக்கலாம், அழிக்கலாம். அவற்றை அடைப்பதற்கு அந்த மென்பொருளைச் செய்தவர்கள் மாதந்தோறும் திருத்தங்களை அனுப்புவார்கள். மையக் கணினி அவற்றை வாங்கி வைத்து, ஒவ்வொரு கிளைக் கணினிக்கும் பகிர்ந்து, எது வாங்கியது, எது வாங்கவில்லை என்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பிலிருந்து பிரேமிளா மாத அறிக்கை எடுத்து, கையொப்பமிட்டு, கொழும்பில் உள்ள நிதி உதவி நிறுவனத்துக்கு அனுப்புவார். விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கம், காணி விபரம், மாட்டு விபரம் எல்லாம் அந்தக் கணினிகளில் இருந்ததால் அந்த நிறுவனம் இதில் கண்டிப்பு.

2023 ஒக்ரோபர் 9, திங்கட்கிழமை, அங்கிருந்து கடிதம் வந்தது. நவம்பர் 30, மாலை 5 மணி அறிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கணினிகளாவது முழுத் திருத்தங்களோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி வேலை முழுவதும் கொழும்புக் கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கப்படும், கணினிப் பிரிவின் பதவி டிசெம்பர் 31இல் முடியும்.

முகாமையாளர் முத்துலிங்கம் கடிதத்தோடு அறைக்குப் போனார், செருப்போடு.

“இப்ப உம்மட்ட எவ்வளவு நிக்குது?”

“அம்பத்தெட்டில அம்பத்தாறு சேர். தொண்ணூற்றாறு தசம் அஞ்சு அஞ்சு.”

“அப்ப தப்பியிட்டீர்.”

“ஓம் சேர். செருப்பு.”

அந்த இரண்டு குறைவும் தெரிந்த குறைவுகள். ஒன்று மாங்குளம் கிளையின் தராசுக் கணினி. புதிய திருத்தங்களை ஏற்க முடியாத பழசு. மற்றது துணுக்காய் வெளிக்கள அலுவலர் தர்ஷன் கொண்டு திரியும் மடிக்கணினி. அது அலுவலகத்துக்கு வந்தால்தானே திருத்தம் வாங்கும்.

நான் கணக்கெடுப்புக்குப் புறப்பட்டது ஒக்ரோபர் 17. பதினொரு கிளைகளையும் ஒன்பது நாளில் முடித்தேன். மழைக்கு முந்திய இடியும் மின்னலும் தொடங்கியிருந்த காலம். ஒவ்வொரு கிளையிலும் கணினி மேசைக்கு மேல் சுவரில் ஒரே கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘இடி முழங்கத் தொடங்கியதும் கணினியின் பிளக், தொலைபேசி வயர் இரண்டையும் உடனே கழற்றவும். – கணினிப் பிரிவு.’ 2016இல் ஒட்டுசுட்டானில் மின்னல் விழுந்து இரண்டு கணினிகள் எரிந்த பின் பிரேமிளா எழுதி ஒட்டியது. வன்னியில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டிலும் கடையிலும் இதைத்தான் செய்வோம். வானம் கறுத்தால் வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா இருப்போம்.

ஒக்ரோபர் 30, திங்கள், காலை 9.40க்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய அறைக்குள் போனேன்.

“பிள்ளை, கொம்பியூட்டர் எத்தினை எண்டு உம்மட பட்டியலில இருக்கு?”

“அம்பத்தெட்டு ஐயா.”

“நான் எண்ணினது அறுபத்தி நாலு.”

“பழுதானதையும் சேர்த்திட்டியளோ?”

“இல்லை. பழுது வேற தாளில. இது அறுபத்தி நாலும் வேலை செய்யிறது. முன்னால ஆள் இருந்து தட்டிக்கொண்டிருந்தது.”

அவர் என்னுடைய தாளை வாங்கி, தன் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொன்றாக விரலால் ஒற்றிக்கொண்டு போனார். இருபது நிமிடம் எடுத்தது. முடிவில் திரையில் ஒரு வரியைக் காட்டினார்.

“இதைப் பாருங்கோ. இப்ப இதின்ர பேர் பளை இரண்டு. வெள்ளிக்கிழமை இதே வரியில புதுக்குடியிருப்பு மூண்டு எண்டு நிண்டது. நான் ஸ்கிரீன் பிழையெண்டு நினைச்சு விட்டிட்டன். எத்தினையோ தரம் விட்டிட்டன்.”

இரண்டு நாளில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். காரணம் அவரேதான்.

2019 மார்ச் 25, திங்கள் மாலை, பளை, துணுக்காய், புதுக்குடியிருப்புக் கிளைகளுக்கென்று ஏழு புதிய கணினிகள் வந்திறங்கின. திறப்புவிழா வெள்ளிக்கிழமை 29ஆம் திகதி. ஒரு கணினியை முறைப்படி தயாராக்க முக்கால் நாள் வேண்டும். அந்தக் கிழமை அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில். அதனால் பிரேமிளா ஒரு கணினியை மட்டும் தயாராக்கி, அதிலுள்ளதை அப்படியே மற்ற ஆறுக்கும் பிரதி எடுத்தார். செவ்வாய் பின்னேரம் வேலை முடிந்தது. புதனும் வியாழனும் தாயாரோடு இருந்தார்.

பிரதி எடுக்கும்போது கணினிக்குள் இருக்கும் அடையாள எண்ணும் சேர்ந்து போகும். அதை ஒவ்வொன்றிலும் அழித்துப் புதிதாக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அது விடுபட்டுவிட்டது. ஏழு கணினிக்கும் ஒரே எண். மையக் கணினியின் கண்ணுக்கு அவை ஏழும் ஒன்று. பளையில் இருந்த ஒன்று திருத்தத்தை வாங்கியதும் ‘இந்த எண் வாங்கியாயிற்று’ என்று குறித்துக்கொள்ளும். மற்ற ஆறும் வந்து கேட்டால், உனக்குத் தந்தாயிற்று என்று திருப்பி அனுப்பும். இப்படி நான்கு ஆண்டும் ஏழு மாதமும். ஐம்பத்தைந்து மாத அறிக்கைகள், ஒவ்வொன்றின் கீழும் அவருடைய கையொப்பம்.

நவம்பர் 2, வியாழன், முத்துலிங்கத்திடம் போய்ச் சொன்னார். நான் பக்கத்து மேசையில் என் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“இது இப்ப ஆருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டார் முத்துலிங்கம்.

“உங்களுக்கும் எனக்கும் ஐயாவுக்கும்.”

“அப்ப ஒரு மாதம் பேசாமல் இரும். முப்பதாம் திகதி ரிப்போட் போகட்டும். டிசெம்பரில ஆறுதலாத் திருத்தும்.”

“அந்த ஆறும் நாலரை வருசமா ஒண்டும் வாங்கேல்லை சேர். கதவு திறந்து கிடக்கிற மாதிரி. அதுக்குள்ள சனத்தின்ர விபரம் கிடக்கு.”

“நாலரை வருசம் வராத கள்ளன் இந்த நாலு கிழமைக்குள்ளதான் வரப்போறானோ?”

“வராமல் விடலாம். ஆனா அறுபத்தி நாலில ஆறு இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டு அம்பத்தெட்டெண்டு நான் எப்பிடிச் சேர் சைன் வைக்கிறது. இவ்வளவு நாளும் தெரியாமல் வைச்சனான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்கள் அறுபத்தி நாலெண்டு எழுதிட்டியளோ?”

“எழுதிட்டன்.”

“அப்ப சரி” என்றார்.

என் தாள் கொழும்பில் வேறு மேசைக்குப் போவது. அதையும் அவருடைய அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, தன் அறையிலிருந்தே ஆறு கணினிகளுக்கும் அடையாள எண்ணைப் புதிதாக்கினார். பின்னேரம் அறிக்கை மாறியது. அறுபத்து நான்கில் ஐம்பத்தாறு, நூற்றுக்கு 87.50. தொண்ணூற்றைந்தைத் தாண்ட அறுபத்தொன்று வேண்டும். இன்னும் ஐந்து.

ஐந்துதானே என்று நினைத்தோம். ஆனால் மற்றக் கணினிகள் வாங்குவது ஒரு மாதத்துத் திருத்தம், ஒரு மணித்தியால வேலை. இந்த ஆறும் நாலரை ஆண்டுப் பாக்கியை ஒருமிக்க வாங்க வேண்டும். கிளைகளின் மெதுவான இணைப்பில் ஏழெட்டு மணித்தியாலம். காலை எட்டரைக்குத் தொடங்கும். இரண்டு மணிக்கு மேற்கே வானம் கறுக்கும். தூரத்தில் ஒரு இடி. அவ்வளவுதான், கிளையில் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். பாதியில் நின்ற திருத்தம் மறுநாள் காலையில் தன்னைத்தானே அழித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். நான்கு நாள் அந்த ஆறும் ஏறி ஏறி இறங்குவதைத் திரையில் பார்த்தார். ஐந்தாம் நாள் எல்லாத் திருத்தங்களையும் ஒரு கையடக்க வன்தட்டில் ஏற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நவம்பர் 8 பளை. அங்கே பாக்கி ஒன்றுதான். முன்னால் இருந்து பார்த்து மதியத்துக்குள் முடித்தார். 14, 15 துணுக்காய், இரண்டு. இரண்டு நாளும் காலை 5.10க்கு வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டார். திருத்தம் ஏறும்போது பார்ப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்நியமான ஒரு மேசையில், மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. “ஆஸ்பத்திரியில இருந்த மாதிரி” என்றார். “அங்கயும் இப்பிடித்தான், ஒரு மிசினைப் பார்த்துக்கொண்டிருந்தனான்.” ஐம்பத்தொன்பது ஆயிற்று.

துணுக்காயில் நின்றபடி தர்ஷனுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த மடிக்கணினி கிடைத்தால் அதுவும் ஒன்று.

“தம்பி, எங்க நிக்கிறீர்?”

“நட்டாங்கண்டல் பக்கம் அக்கா. மாட்டுப் பட்டி எண்ணுறன். பாலத்துக்கு மேலால தண்ணி பாயுது, இந்தக் கிழமை வரமாட்டன்.”

“லப்டொப் வேலை செய்யுதோ?”

“நல்லா வேலை செய்யுது. இதாலதான் பதியிறன். ஏன் அக்கா, பிரச்சினையெண்டா அதைப் பழுதெண்டு எழுதி விடுங்கோவன்.”

“வேலை செய்யிறதை எப்பிடித் தம்பி பழுதெண்டு எழுதுறது?”

“நானே பழுதெண்டு சொன்னா ஆர் வந்து பார்க்கிறது? மாடுதான் பார்க்கும்.”

அவர் சிரித்துவிட்டு வைத்தாராம். அந்த மாதத்தில் தான் சிரித்தது அப்போதுதான் என்று சொன்னார்.

நவம்பர் 22, புதன், புதுக்குடியிருப்பு. பரந்தனில் பஸ் மாறி விசுவமடு வழியாகப் போக வேண்டும். அங்கே மூன்று. அன்று ஒன்றை முடித்தார், அறுபது. அடுத்த நாளே திரும்பிப் போக நினைத்திருந்தார். ஆனால் அறைக் குளிரூட்டி நின்றுவிட்டது. மையக் கணினி சூடேறிவிடாமல் கதவைத் திறந்து வைத்து, மின்விசிறியோடு பக்கத்திலேயே இருக்க வேண்டி வந்தது. திருத்த ஆள் வந்தது 28ஆம் திகதி. ஆக, 29ஆம் திகதி புதன்கிழமை மீண்டும் புதுக்குடியிருப்பு. மீதி இரண்டில் ‘புதுக்குடியிருப்பு மூன்று’ என்பதன் வன்தட்டு தேய்ந்து போயிருந்தது, அதை நம்ப முடியாது. நம்பிக்கை ‘புதுக்குடியிருப்பு இரண்டு’ என்பதில். அது ஏறினால் அறுபத்தொன்று.

காலை 7.50க்குத் தொடங்கினார். 1.25க்கு எல்லாம் ஏறி முடிந்து, கணினி தன்னை அணைத்து மீண்டும் தொடங்கியது. திரை நீலமாகி, நடுவில் வட்டம் சுற்றி, கீழே ஆங்கிலத்தில் அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது. இன்னும் அரை மணித்தியாலம். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கிளை எழுதுவினைஞர் யதுர்ஷிகாவிடம், “தங்கச்சி, இதை ஒருத்தரும் தொடாமல் பாரும், முன்கடையில ஒரு வாய் சாப்பிட்டிட்டு வாறன்” என்றார். யதுர்ஷிகா தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டுமென்று அவர் எழும்பிப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

1.43க்கு இடி முழங்கியது. பிரேமிளா பிட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு றோட்டைத் தாண்டி ஓடிவந்தார். கிளைக் காவலாளி இளையதம்பி, வயது அறுபத்திரண்டு, கணினிக்குப் பக்கத்தில் நின்று பிளக்கின் வயரை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கழட்டிப்போட்டன் பிள்ளை” என்றார். “பயப்பிடாதேங்கோ. முதல் இடியோடயே கழட்டிப்போட்டன்.”

“அண்ணை, அதில அணைக்க வேண்டாமெண்டு எழுதியிருந்ததே.”

“அது இங்கிலீசு. எனக்கு விளங்கேல்லை. இது விளங்கிச்சுது.” அவர் சுவரைக் காட்டினார். “நீங்கள்தானே பிள்ளை எழுதி ஒட்டினது. உடனே எண்டு கீழ்க்கோடும் போட்டிருக்கிறியள்.”

பிரேமிளா சுவரைப் பார்த்தார். தன் கையெழுத்து, கோடும் தன்னுடையதுதான்.

“ஓம் அண்ணை. நான்தான் எழுதினது” என்றார். “நீங்கள் செய்தது சரி.”

மழை விட்டதும் பிளக்கைச் செருகிப் பார்த்தார்கள். கணினி எழும்பவில்லை. என்ன நடந்ததென்று இளையதம்பிக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தக் கிழவன் ஒரு உரப்பை கொண்டுவந்து, கணினிப் பெட்டியை அதற்குள் இறக்கி, கயிற்றால் கட்டி, தலையில் வைத்து பஸ் நிலையம் வரை கொண்டுவந்து கொடுத்தார்.

பஸ்ஸில் பிரேமிளா அதை யன்னலோரம் வைத்து, தான் பக்கத்தில் இருந்தார். நடத்துநர் வந்தார்.

“அக்கா, உது சீற் பிடிக்குது. என்ன உள்ளுக்கு?”

“கொம்பியூட்டர்.”

“சீவன் இருக்கோ?”

“தெரியாது தம்பி. கிளிநொச்சிக்குப் போய்த்தான் பார்க்க வேணும்.”

“அப்ப அதுக்கும் ஒரு ரிக்கற் எடுங்கோ. சீவன் வந்து இறங்கி ஓடினா நான் என்ன செய்யிறது.”

இரண்டு ரிக்கற் எடுத்தார். இரண்டையும் எனக்குக் காட்டியிருக்கிறார். தொடர் இலக்கங்கள்.

நவம்பர் 30, வியாழன். காலை 6.45க்கு அறையைத் திறந்தார். அந்தக் கணினியில் புதுக்குடியிருப்பு விவசாயிகளின் 1,148 பதிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திருத்தங்களை ஏற்றியிருந்தால் மூன்று மணிக்குள் முடித்திருக்கலாம். அவர் முதலில் பதிவுகளை வெளியே எடுத்தார். பாதியில் மின்சாரம் நின்றதில் இதன் வன்தட்டும் பழுதுபட்டிருந்ததால் அது பகல் 12.50 வரை இழுத்தது. அதன்பிறகே திருத்தங்களைத் தொடங்கினார்.

நான்கரைக்கு முத்துலிங்கம் என்னையும் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றினார். அவரும் கெட்ட மனிதர் அல்ல. ஆளை இழக்க அவருக்கு விருப்பமில்லை.

“எவ்வளவில நிக்குது?”

“அறுபது. இது இன்னும் பாதிவழி சேர். அஞ்சுக்குள்ள முடியாது.”

“சரி, நான் யோசிச்சனான். தர்ஷன்ர லப்டொப்பைப் பழுதெண்டு பட்டியலால எடுத்து விடும். அறுபத்தி மூண்டில அறுபது. எவ்வளவு வருது?”

“தொண்ணூற்றஞ்சு தசம் இரண்டு நாலு” என்றார் பிரேமிளா. அவர் அதை முதலே கணக்குப் பார்த்திருந்தார் என்று எனக்கு விளங்கியது.

“பேந்தென்ன? ஒரு வரி. ஐயாவும் தன்ர தாளில பழுதெண்டு மாத்திவிட்டா ஒருத்தரும் கேட்கேலாது.” முத்துலிங்கம் என்னைப் பார்த்தார். “என்ன ஐயா, அந்த லப்டொப்பை நீங்கள் கண்டனீங்களோ?”

“கண்டனான்” என்றேன். “ஒக்ரோபர் இருபத்தஞ்சு, புதன், காலமை பத்து இருபது. தர்ஷன்ர வீட்டு மேசையில கிடந்தது. வேலை செய்தது.”

ஐம்பத்தோராண்டுப் பழக்கம். கேள்வி முடிய முன்பே வாயில் வந்துவிட்டது. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். நினைவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

“விடுங்கோ சேர்” என்றார் பிரேமிளா. “ஐயா காணாட்டிலும் நான் எடுத்திருக்கமாட்டன். அந்தத் தம்பி அதால மாடு எண்ணிக்கொண்டிருக்கிறார்.”

ஐந்து மணிக்கு மையக் கணினி அறிக்கையைத் தானாகவே எடுத்தது. அறுபத்து நான்கில் அறுபது, 93.75. அவர் அச்சடித்து, கையொப்பமிட்டு, கீழே மூன்று வரி எழுதினார்: 2019 ஏப்ரல் முதல் 2023 ஒக்ரோபர் வரையான ஐம்பத்தைந்து அறிக்கைகளில் ஆறு கணினிகள் எண்ணப்படவில்லை, காரணம் பிரதி எடுக்கும்போது தான் விட்ட தவறு, இப்போது திருத்தப்பட்டுள்ளது. முத்துலிங்கம் அந்த மூன்று வரியையாவது வெட்டச் சொன்னார். வெட்டாமலே அனுப்பியாயிற்று.

மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் வெளியே, தேநீர்க் கோப்பை வைக்கும் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். 6.12க்குக் கதவு திறந்தது.

“ஐயா, எழும்பியிட்டுது” என்றார். “அறுபத்தொண்டு.”

உள்ளே போய்ப் பார்த்தேன். புதுக்குடியிருப்பு இரண்டு, முழுத் திருத்தம். 95.31. ஒரு மணியும் பன்னிரண்டு நிமிடமும் பிந்தி. அவர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரையை அணைத்தார்.

“அண்டைக்கு நான் அம்மாவோட இருந்த ரெண்டு நாளையும் பிழையெண்டு சொல்லமாட்டன் ஐயா” என்றார். “அந்த அஞ்சு நிமிசம்தான் பிழை.”

டிசெம்பர் 13இல் பதவி முடிவதாகக் கடிதம் வந்தது. தொண்ணூற்றைந்துக்குக் குறைவு, ஐம்பத்தைந்து அறிக்கைகள் பிழை என்ற இரண்டு காரணங்களையும் எழுதியிருந்தார்கள். கடைசி இரண்டு கிழமையில் பிரேமிளா விடுமுறை எடுத்துக்கொண்டு பதினொரு கிளைகளுக்கும் தனியே போய்வந்தார். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை. 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மல்லாவியிலிருந்து பிறின்ரர் பிரச்சினை வந்தது. எழும்பிப் போனார்.

கொழும்புக் கம்பனியின் முதல் அறிக்கை 2024 ஜனவரியில் வந்தது. ஐம்பத்தேழில் ஐம்பத்தேழு, நூற்றுக்கு நூறு. முப்பது நாள் தொடர்பு கொள்ளாத கணினிகளை அவர்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை, அதுதான் அவர்கள் முறை. அந்த ஒக்ரோபரில் நான் மீண்டும் எண்ணினேன். அறுபத்து நான்கு. சுவரில் இருந்த தாள்கள் எல்லாம் புதிதாக இருந்தன, அதே கையெழுத்து. பழைய வாசகத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி: ‘ஆனால் நீலத் திரையில் வட்டம் சுற்றினால் கழற்ற வேண்டாம். சந்தேகம் என்றால் அழைக்கவும்.’ அதன் கீழ் ஒரு தொலைபேசி இலக்கம். அது அலுவலக இலக்கம் அல்ல.

பிரேமிளா இப்போது கிளிநொச்சியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், போட்டோக்கொப்பி அடிக்கும் கடையொன்றில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறார். 2024 ஒக்ரோபர் 24, வியாழன், என் தாள்களைப் பிரதி எடுக்கப் போயிருந்தேன். பிற்பகல் 2.35. அவருடைய தொலைபேசி அடித்தது. கை வேலையில் இருந்ததால் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

“பிள்ளை, இஞ்சை இடிக்குது. கழட்டட்டோ?” இளையதம்பியின் குரல்.

“வட்டம் சுத்துதோ அண்ணை?”

“பொறுங்கோ, பார்த்திட்டு வாறன்.” நாற்பது விநாடி. “இல்லை. சுத்தேல்லை.”

“அப்ப கழட்டுங்கோ.”

“சாப்பிட்டிட்டியளோ?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“நேரத்துக்குச் சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த ஒக்ரோபர், நவம்பரில் இளையதம்பி அநேகமாக ஒவ்வொரு நாளும் எடுத்தார் என்று பிறகு ஒருநாள் பிரேமிளா சொன்னார். மழை விட்ட பிறகு, ஜனவரியிலிருந்து, அதுவும் இல்லையாம். அன்று என்னுடைய பிரதிகளை எண்ணித் தந்தார். இருபத்திரண்டு தாள், சரியாக இருந்தது.